மலேரியாவும் நம் ஊர்த் தண்ணீரும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

முன்னுரை

நோய் இன்னதென்று தெளிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியைத் தேடுதல் என்று மூன்று படிகளை மருத்துவருக்கு வகுத்துக் கொடுத்தார் வள்ளுவர். இம்மூன்றனுள் நடுப்படியில் மனித இனம் நெடுங்காலம் தடுமாறி நின்ற நோய் மலேரியா. குளிரும் காய்ச்சலும் வியர்வையும் மாறி மாறி வரும் அதன் இயல்பைப் பண்டைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அதனைத் தணிக்கும் சின்கோனா மரப்பட்டையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். ஆனால் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அது எவ்வாறு செல்கிறது என்பது 1897ஆம் ஆண்டு வரை விளங்கவே இல்லை.

'மலேரியா' என்னும் சொல்லே அத்தடுமாற்றத்தின் அடையாளம். இத்தாலிய மொழியில் அதற்குக் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே நோயைத் தருகிறது என்று அந்நாளில் நம்பினர். நம் நாட்டில் முறைக் காய்ச்சல் என்றும், குளிர் காய்ச்சல் என்றும், மலைக் காய்ச்சல் என்றும் அழைத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள எழுமலை என் ஊர். மலைக்குப் போய் வந்தவர் காய்ச்சலில் படுத்தால், "மலைத் தண்ணீர் சேரவில்லை" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மலேரியாவுக்கும் தண்ணீருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் அது குடிக்கும் வாயின் வழியாக வரும் தொடர்பன்று. அது எவ்வழி வருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைச் சீமை கண்ட காய்ச்சல்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய சீமைகளில் ஒரு கொடிய கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை ஆராய்வதற்குச் சென்னை அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தது. நோயைப் பற்றிய அறிக்கையாக மட்டும் அது அமையவில்லை. நில அமைப்பையும் வேளாண்மையையும் சேர்த்தே ஆராய்ந்தது. மழை, மலை, சதுப்பு, காற்று என்று அந்நாளைய அறிவு எட்டிய இடமெல்லாம் தேடினர். கொசுவின் மீது ஐயம் கொள்வதற்கு வேண்டிய அறிவு அந்தக் காலத்தில் உலகில் எவரிடமும் இல்லை.

மதுரை மாவட்டத்தின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையின் வரலாற்றிலும் இக்காய்ச்சலுக்கு இடம் உண்டு. 1887இல் தொடங்கி 1895இல் நிறைவெய்திய அப்பணியில் ஈடுபட்ட தொழிலாளரை மலேரியா வாட்டியது. காய்ச்சல் மிகுந்த மாதங்களில் மலைக்காட்டில் வேலையையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பென்னிகுயிக்கின் பொறியியல் திறனை நாம் போற்றுகிறோம்; பாறையையும் வெள்ளத்தையும் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியும் அவ்வணையை எதிர்த்து நின்றது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கண்டறிந்த அறிஞர்கள்

1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளி ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிருள்ள ஒட்டுண்ணிகள் அசைவதைக் கண்டார். காற்றில் நச்சு இல்லை, இரத்தத்தில் உயிரி இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று. ஆயினும் அது இரத்தத்திற்குள் எப்படி நுழைந்தது என்ற கேள்வி எஞ்சியது.

இக்கேள்விக்கு விடை இந்திய மண்ணில் கிடைத்தது நமக்குப் பெருமை. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் பல ஆண்டுகள் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். நீலகிரிச் சாரலில் உள்ள சிகூர்ப் பகுதிக்குச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. பின்னர்ச் செகந்திராபாத்தில், உசேன்கான் என்ற நோயாளியைக் கொசுக்களைக் கடிக்கவிட்டு, கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலியும் கொடுத்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், அவ்வாறு இரத்தம் குடித்த புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். அந்நாளே இன்று உலகக் கொசு நாளாகக் கொள்ளப்படுகிறது. மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவைக் கொண்டு முழுச் சுழற்சியையும் மெய்ப்பித்தார். அதே 1898இல் இத்தாலியின் கிராசியும் அவர்தம் தோழர்களும், மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் கொசுவே என்று நிறுவினர். ராஸுக்கு 1902இலும் லாவரானுக்கு 1907இலும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

ஒரு கிருமி, இரு வீடுகள்

மலேரியாக் கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம். இஃது ஒரு செல் உயிரி. மனிதனைத் தாக்கும் வகைகளுள் நம் நாட்டில் முதன்மையானவை இரண்டு: வைவாக்ஸ், பால்சிபாரம். முன்னது மீண்டும் மீண்டும் வருவது. பின்னது மூளை, சிறுநீரகம் முதலியவற்றைத் தாக்கி உயிரையே பறிக்க வல்லது.

இக்கிருமிக்கு மனித உடல் ஒரு வீடு, கொசுவின் உடல் மற்றொரு வீடு. கிருமியுள்ள பெண் கொசு நம்மைக் கடிக்கும்போது, அதன் உமிழ்நீரோடு நூல் போன்ற நுண்ணிய கிருமிகள் நம் உடலிற் புகுகின்றன. அவை விரைவில் கல்லீரலை அடைந்து, அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் தங்கி, ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகுகின்றன. இக்காலத்தில் நோயாளிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பின்பு அவை வெளிப்பட்டு இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைகின்றன. அணுவின் ஈமோகுளோபினை உணவாகக் கொண்டு வளர்ந்து, பிளவுபட்டு, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி, மேலும் பல அணுக்களைத் தாக்குகின்றன.

காய்ச்சல் ஏன் முறை வைத்து வருகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. வைவாக்ஸ் வகையில், ஓர் அணுவுக்குள் நுழைந்து, வளர்ந்து, உடைத்து வெளிவர 48 மணி நேரம் ஆகிறது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் உடையும்போது அவற்றிலுள்ள கழிவுகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் நடுங்குகிறது, காய்ச்சல் ஏறுகிறது, பின் வியர்த்துத் தணிகிறது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வருகிறது. மலேரியே என்னும் வகையில் இச்சுழற்சி 72 மணி நேரம். ஆயினும் தொடக்க நாட்களில் இம்முறை ஒழுங்காக அமைவதில்லை. பால்சிபாரத்தில் காய்ச்சல் விடாமலே இருக்கவும் கூடும். முறை வைத்து வரவில்லையே என்று மலேரியாவை ஒதுக்கிவிடக் கூடாது.

சில கிருமிகள் சிவப்பணுவுக்குள் பிளவுபடாமல் ஆண், பெண் நிலைகளாக மாறிக் காத்திருக்கின்றன. இவை காய்ச்சலை உண்டாக்குவதில்லை. கொசுவை எதிர்நோக்கி இருக்கின்றன. அனாபிலஸ் கொசு இரத்தத்தோடு இவற்றை உறிஞ்சியதும், அதன் வயிற்றில் இரண்டும் கூடிக் கருவாகின்றன. கரு கொசுவின் இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு முண்டு போல் பருக்கிறது. ராஸ் கண்டது இந்த முண்டைத்தான். அது வெடித்து, கிருமிகள் உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைய, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. அதன் பின்பே அக்கொசு நோயைப் பரப்பும் தகுதியைப் பெறுகிறது.

கொசுவை அன்றி இரத்தம் ஏற்றுவதாலும், கிருமி படிந்த ஊசியாலும், தாயிடமிருந்து கருவிலிருக்கும் சேய்க்கும் நோய் செல்லக் கூடும். இவை அரியன. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, மலை ஊற்று நீரைக் குடிப்பதாலோ மலேரியா வருவதில்லை.

தூய நீர்க் கொசு

கொசு என்றாலே சாக்கடையை நினைக்கிறோம். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். அது யானைக்கால் நோயைப் பரப்புவது. வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பெருகுவது ஏடிஸ். அது டெங்குவைப் பரப்புவது. அனாபிலஸ் பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடுகிறது. சாக்கடையைத் தூர்வாரி முடித்ததும் மலேரியாவை வென்றுவிட்டதாக எண்ணுவது தவறு என்பது இதனால் விளங்கும்.

இவற்றை அடையாளம் காண்பது எளிது. கியூலெக்ஸ், ஏடிஸ் ஆகியவற்றின் புழுக்கள் வால்புற மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழுவுக்கு அக்குழல் இல்லை. ஆகவே அது நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். வளர்ந்த அனாபிலஸ் சுவரில் அமரும்போது வாலைத் தூக்கி ஆணி அடித்தாற்போல் சாய்ந்து நிற்கும். மற்றவை சுவருக்கு இணையாக அமரும். ஆண் கொசு கடிப்பதில்லை. முட்டை முதிர்வதற்கு இரத்தம் வேண்டியிருப்பதால் பெண் கொசுவே கடிக்கிறது, அதுவும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில்.

சென்ற விடுமுறையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்துடன் எங்கள் தெருவைச் சுற்றி வந்தேன். எழுமலை மானாவாரி பூமி. கோடையில் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், சிமெண்டுத் தொட்டி என்று கிடைத்த கலமெல்லாம் நிரப்பி வைப்பது வழக்கம். டிரம்களில் மொண்டு பார்த்தபோது கண்டவை பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள். ஆனால் புழங்காமல் விடப்பட்ட ஒரு கிணற்றிலும், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் ஒரு தொட்டியிலும் கிடையாகப் படுத்த புழுக்கள் கிடைத்தன. அனாபிலஸ் இனங்கள் எல்லாமே மலேரியாவைப் பரப்புவன அல்ல. ஆயினும் அக்குடும்பம் நம் ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு அந்தக் கிண்ணமே சான்று.

தமிழ்நாட்டில் மூன்று இனங்கள் முக்கியமானவை. கிராமங்களில் குலிசிபேசிஸ்: வாய்க்கால், கிணறு, மணற்குழி, புதிதாக நட்ட வயல் ஆகியவற்றில் முட்டையிட்டு, மாட்டுத் தொழுவங்களில் தங்குவது. நகரங்களில் ஸ்டீபன்சி: கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது. மலைச்சாரலில் புளூவியாட்டிலிஸ்: மெல்ல ஓடும் ஓடைகளில் வளர்வது. மலைக்குப் போய் இரவு தங்கியவர்க்குக் காய்ச்சல் வந்ததன் காரணம் அந்த ஓடைத் தண்ணீர் அன்று. அதில் பிறந்த கொசுவே.

தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும்

மழை மிகுந்தால்தான் மலேரியா வரும் என்று பலர் எண்ணுகின்றனர். 1934–35இல் இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் பெருகி ஓடும் ஆறுகள் வற்றி, மணலிடையே தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் குலிசிபேசிஸ் கொசு பெருகியது. நோய்க்குப் பழகாத ஈரமண்டல மக்களிடையே காய்ச்சல் தீயெனப் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டு சென்றது. வறட்சியே மலேரியாவைக் கொணர்ந்த கொடுமை அது.

தண்ணீர் புதிதாக வந்ததால் மலேரியா வந்த கதை நம் தஞ்சைத் தரணியில் உண்டு. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டை வட்டாரத்திற்குப் பாசனம் வந்தது. நெல் விளைந்தது, கூடவே காய்ச்சலும் விளைந்தது. ராக்பெல்லர் அறநிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல், இந்திய அறிஞர்களுடன் அங்கே தங்கி ஆராய்ந்தார். கசியும் வாய்க்கால்களும், கரைக்கு மண் எடுத்த குழிகளும், இளநடவு வயல்களும் குலிசிபேசிஸ் கொசுவுக்குத் தொட்டிலாக இருந்தன. அவரும் ராமச்சந்திர ராவும் கண்ட ஓர் உண்மை வியப்புக்குரியது. பயிர் ஓரடி உயர்ந்ததும் அக்கொசு அவ்வயலில் முட்டையிடுவது நின்றுவிடுகிறது. ஏனெனில் அது நீரின் மீது அமர்வதில்லை. பறந்து ஆடியபடியே முட்டைகளை உதிர்க்கிறது. நெருங்கி நிற்கும் தாள்கள் அந்த ஆட்டத்திற்கு இடையூறாகின்றன. நீரில் குச்சிகளை நெருக்கமாக நட்டுவைத்த சோதனையும் இதையே காட்டியது. ஒரு பூச்சியின் பழக்கத்தை அறிந்தால், எந்த வாரத்தில் எந்த வயலைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். ஆராய்ச்சியின் பயன் இதுவன்றோ!

மூன்றாவது எடுத்துக்காட்டு தலைநகரம். தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் பல ஆண்டுகளாகச் சென்னையிலேயே இருந்தனர். அங்கே நோய்க்குக் காரணம் சதுப்பும் அன்று, நடவும் அன்று. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி வீடுதோறும் கட்டிய மாடித் தொட்டிகளும், மூடாத கிணறுகளும் ஸ்டீபன்சியை வளர்த்தன. இக்கொசு தொட்டிகளோடு பயணமும் செய்கிறது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டு, அங்கிருந்து வேறு நாடுகளிலும் பரவியிருக்கிறது.

கொசுவின் வயதுக் கணக்கு

எல்லாக் கொசுக்களையும் ஒழித்தால்தான் மலேரியா ஒழியுமா? அவ்வாறாயின் அது என்றுமே ஒழியாது. கொசுக்களை ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும் என்று ராஸ் கணித முறையில் காட்டினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு அக்கணக்கை வளர்த்து, கொசுவின் ஆயுளே இதில் முக்கியம் என்று விளக்கினார்.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுக்கள் 1,000 என்று கொள்வோம். கிருமி முதிர 12 நாட்கள் ஆகும் எனவும், ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 80 கொசுக்கள் பிழைக்கும் எனவும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் நாள் முடிவில் எஞ்சுபவை ஏறத்தாழ 69. சுவரில் மருந்து தெளித்து, நாள்தோறும் நூற்றுக்கு 60 மட்டுமே பிழைக்கும்படி செய்தால் எஞ்சுபவை 2. அன்றாடப் பிழைப்பில் நாம் குறைத்தது கால் பங்கு. நோய் பரப்பும் முதிய கொசுக்களோ முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. இரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் பழக்கமுடையது. ஆதலால்தான் வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளிக்கும் முறை உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டது. மருந்திட்ட கொசுவலையின் பயனும் இக்கணக்கினாலேயே பெருகுகிறது.

தணிந்த நோய் திரும்பிய கதை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பலன் கண்டதும் 1958இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. 1965இல் நோயாளிகள் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தனர். வெற்றி கைக்கு எட்டிவிட்டதாகவே எல்லோரும் எண்ணினர்.

ஆனால் டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் தோன்றின. மருந்து உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நகரங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. காய்ச்சல்காரரைத் தேடி வீடு வீடாகச் செல்லும் பணி தளர்ந்தது. 1973இல் அஸ்ஸாமில் குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரமும் தென்பட்டது. 1976இல் நோயாளிகள் 64 இலட்சம் பேர்! பதினோர் ஆண்டுகளில் அறுபது மடங்குக்கு மேல்.

இலங்கையின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1963இல் அத்தீவு முழுவதிலும் காணப்பட்ட நோயாளிகள் 17 பேர் மட்டுமே. 1968–69இல் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் பல பத்தாண்டுகள் விடாது உழைத்து, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. அதன் பின்னும் அவர்கள் கண்ணயரவில்லை. மன்னாரில் ஸ்டீபன்சி கொசு புதிதாக நுழைந்திருப்பதை உடனே கண்டுபிடித்தது அந்த விழிப்பினால்தான்.

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டில் உலகில் 26.3 கோடி மலேரியா நிகழ்வுகளும், 5,97,000 இறப்புகளும் நேர்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இறந்தோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இந்தியாவில் பதிவான நோயாளிகள் 2015இல் 11.69 இலட்சமாக இருந்து, 2023இல் 2.27 இலட்சமாகக் குறைந்தனர். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில நூறு பேரே. 2030க்குள் நாட்டிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது அரசின் இலக்கு.

சிகிச்சையும் வளர்ந்திருக்கிறது. சின்கோனாப் பட்டையிலிருந்து 1820இல் குயினைனைப் பிரித்தெடுத்தனர். 1860 முதல் நீலகிரியில் அரசே சின்கோனாத் தோட்டங்களை வளர்த்தது. இன்று பால்சிபாரத்திற்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து தரப்படுகிறது. அம்மருந்தைச் சீன மூலிகை ஒன்றிலிருந்து கண்டறிந்த தூ யூயூ அம்மையார் 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கென 2021இலும் 2023இலும் இரு தடுப்பூசிகளை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

வைவாக்ஸைப் பொறுத்தவரை ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் கிருமிகளுள் சில கல்லீரலிலேயே உறங்கிக் கிடந்து, சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து விழித்துக்கொள்கின்றன. காய்ச்சலைத் தணிக்கும் குளோரோகுயின் மூன்று நாளில் முடிந்துவிடும். உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயினை 14 நாட்கள் உண்ண வேண்டும். கருவுற்ற தாய்மார்க்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. இரத்தத்தில் ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்தோர்க்கும் அதனால் தீங்கு நேரலாம். ஆகவே மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருவர், வெளி மாநிலத்தில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர், அங்கே காய்ச்சல் விட்ட மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். "உடம்புதான் நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பது அவர் கேள்வி. நான்கு மாதங்களுக்குப் பின், ஊரில் இருக்கும்போதே மீண்டும் குளிர் கண்டது. மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் என்று தெரிந்து, இம்முறை 14 நாள் மாத்திரையையும் சுகாதாரப் பணியாளர் கூடவே இருந்து கொடுத்து முடித்தார். அவர் நலமடைந்தது அவருக்கு மட்டும் நன்மையன்று. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில்தான் நான் முன்பு சொன்ன கிணறு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

எழுமலை போன்ற ஊர்களின் நிலை இதுதான்: கொசு இருக்கிறது; கிருமி இல்லை. பிழைப்புத் தேடி வெளியூர் சென்று திரும்பும் ஒருவர் உடலில் கிருமி வந்து சேரலாம். அவருக்கும் கொசுவுக்கும் இடையே நாம் எழுப்பக் கூடிய தடைகள் இவை.

முதலாவது, இரத்தப் பரிசோதனை. குளிருடன் காய்ச்சல் கண்டால், அதிலும் வெளி மாநிலம் சென்று வந்தவராயின், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் கொடுக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி, காய்ச்சலை மறைத்து வைப்பது நோயைக் கொசுவுக்குக் கொடையளிப்பதாகும்.

இரண்டாவது, மாத்திரையை முழு நாளும் உண்ணுதல். உடல் நலமடைந்ததே என்று இடையில் விட்டால், உறங்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, தண்ணீரைக் காத்தல். முட்டையிலிருந்து கொசு பறக்க, வெயில் காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். எனவே வாரம் ஒரு நாள் தொட்டிகளைக் காலி செய்து, தேய்த்து, உலர்த்திவிட்டால் புழு கொசுவாவதில்லை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் சேமித்த நீரைக் கொட்டச் சொல்வது எளிதன்று என்பதை நான் அறிவேன். கொட்ட இயலாத இடத்தில் இறுக மூடலாம். வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டினாலும் கொசு நுழையாது. மாடித் தொட்டியின் மூடியும், வழிந்தோடும் குழாயின் வாயும் அடைபட்டிருக்க வேண்டும். புழங்காத கிணற்றை மூடலாம், அல்லது சுகாதாரத் துறையினரிடம் கேட்டுக் கொசுப் புழு தின்னும் மீன்களை விடலாம்.

நான்காவது, இரவில் கொசுவலை. ஐந்தாவது, மருந்து தெளிக்கவும் தொட்டிகளைப் பார்க்கவும் வரும் பணியாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமை. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டத்தை 1939லேயே இயற்றிய மாகாணம் நம்முடையது; கொசு ஒழிப்பும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. புதுச்சேரியில் 1975இலும், நம் மதுரையில் 1985இலும் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவியது. சட்டமும் ஆராய்ச்சியும் வாசல் வரை வரும். கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

முடிவுரை

மலேரியா பரவுவதற்கு மூன்று வேண்டும்: கிருமியைத் தாங்கிய ஒரு மனிதர், அதை முதிர்விக்கும் ஒரு கொசு, அக்கொசு பிறக்கச் சிறிது தெளிந்த நீர். இம்மூன்றில் எது ஒன்று அறுந்தாலும் சங்கிலி அறுகிறது. 1809இல் மதுரைச் சீமையில் மாண்டவர்களுக்கு இந்த அறிவு கிடைக்கவில்லை. பெரியாற்றுக் காட்டில் நடுங்கிய தொழிலாளருக்கும் கிடைக்கவில்லை. நமக்குப் பாடப்புத்தகத்திலேயே கிடைத்திருக்கிறது. 17 நோயாளிகள் ஐந்து இலட்சமான வரலாறும் நம் கண்முன் இருக்கிறது. நோய் குறைந்திருக்கும் காலமே அதை முடித்துவைக்கும் காலம். விலங்கியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு தெருவின் தொட்டிகளையும் கிணறுகளையும் மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து, சுகாதார ஆய்வாளரிடம் கொடுக்கலாம். ஒரு கிண்ணமும் ஒரு குறிப்பேடும் போதும். தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரும் படம் வரைவதோடு பிளாஸ்மோடியத்தின் பாடம் முடிந்துவிடாமல், நம் ஊர்க் கிணற்றடி வரை அது நீள வேண்டும் என்பதே என் அவா.